தொண்ணூறு மார்க்கும் ஒரு போட் சவாரியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். படிச்சு முடிச்சதும் சில பேருக்குக் கோபம் வரலாம். வரட்டும். எனக்கும் வந்துச்சு, அதனாலதான் எழுதறேன்.

எங்க அக்கா வீடு ஸ்ரீரங்கப்பட்டணத்துல, கஞ்சாம் பக்கம். மைசூர்லேர்ந்து பஸ் ஏறினா அரை மணி நேரம். (மாவட்டம் என்னவோ மாண்டியா. ஆனா ஆஸ்பத்திரின்னாலும் துணிக்கடைன்னாலும் எல்லாரும் மைசூருக்குத்தான் ஓடுவாங்க.) வீட்டுல தமிழ், தெருவுல கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ். அக்கா பையன் பத்தாவது. போன தடவை மெல்போர்ன்லேர்ந்து குடும்பத்தோட போய் இறங்கினது ஜூலை மாசம். பெட்டியை இறக்கி வைக்கறதுக்குள்ள அக்கா சொன்ன முதல் சேதி, "உன் மருமகன் இங்கிலீஷ்ல தொண்ணூறுடா!"

சந்தோஷமா இருந்துச்சு. எங்க வம்சத்துல இங்கிலீஷ்ல தொண்ணூறைப் பார்த்தவன் எவனும் இல்ல, நான் உட்பட.

ஞாயித்துக்கிழமை ரங்கனதிட்டுக்குப் போய் பறவை பார்க்கலாம்னு பேச்சு வந்துச்சு. என் பொண்ணுக்கு போட்ல போகணும், முதலை பார்க்கணும். அந்த நேரம் கேஆர்எஸ் அணை நிரம்பி, காவிரியில தண்ணியைத் திறந்து விட்டிருந்தாங்க. இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு சின்னச் செய்தி. அணையிலேர்ந்து தண்ணி வெளியேத்தறதால படகு சவாரி நிறுத்தம், நீர் அளவு குறையற வரைக்கும் தொடங்காது, வாரக் கடைசி வரைக்கும் மழை நீடிக்கும்னு எதிர்பார்ப்பு. அவ்வளவுதான், நாலு வரி.

மருமகன்கிட்ட கொடுத்து, "படிடா"ன்னேன். படிச்சான். சும்மா சொல்லக்கூடாது, ஒரு இடத்துல கூடத் தடுமாறல. அக்கா முகத்துல அப்படி ஒரு பெருமை.

"சரி, ஞாயித்துக்கிழமை போனா போட் கிடைக்குமா?"

மறுபடி பேப்பரைப் பார்த்தான். மேலேர்ந்து கீழ வரைக்கும் விரல் வச்சுத் தேடினான். அப்புறம் சொன்னான், "மாமா, இதுல சண்டேன்னு எங்கேயுமே இல்லையே?"

சிரிக்காதீங்க. அவன் மக்குப் பையன் இல்ல. அதே செய்தியை நான் தமிழ்ல சொன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள பதில் வந்துச்சு. "அப்ப போனா வேஸ்ட் மாமா. மழை நின்னாலும் டேம்ல தண்ணியை நிறுத்த ரெண்டு நாள் ஆகும். அடுத்த வாரம் பார்க்கலாம்." செய்தியில இல்லாததையும் சேர்த்து யோசிச்சுட்டான்! அறிவு இருக்கு, யோசிக்கற திறமை இருக்கு. அந்த நாலு வரி இங்கிலீஷ் மட்டும் அவனுக்கு சத்தமாத்தான் போய்ச் சேர்ந்திருக்கு, சேதியா சேரல.

அப்புறம் அந்தத் தொண்ணூறு எங்கேர்ந்து வந்துச்சு? கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். புரிஞ்சு போச்சு. உங்களுக்கும் புரியணும்னா இந்தப் பரீட்சையை எழுதிட்டுப் போங்க.

பத்தி: ஞமுக்கன் காலையில் ஒரு பிளாவையைத் தொணுக்கினான். பிளாவை வெகுவாகச் சிணுமிவிட்டதால் அவன் அதைக் குமடையில் கிடத்தினான்.

கேள்வி 1: ஞமுக்கன் எதைத் தொணுக்கினான்?
கேள்வி 2: பிளாவையை எங்கே கிடத்தினான்?
கேள்வி 3: ஏன் கிடத்தினான்?

மூணுக்கு மூணு வாங்கிட்டீங்களா? வாழ்த்துகள்! பிளாவைன்னா என்னன்னு எனக்கே தெரியாது, நேத்து ராத்திரி நானே கட்டிவிட்ட வார்த்தை. ஆனா "வெகுவாகச் சிணுமிவிட்டதால்"னு நீங்க டக்குனு பதில் சொல்லியிருப்பீங்க. நம்ம ஊர்ல வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன்னு பேர் வச்சு நடக்கற பரீட்சைகள்ல பெரும்பாலும் இதுதான் நடக்குது. கேள்வியில இருக்கற வார்த்தையைப் பத்தியில தேடு, அது இருக்கற வரியை அப்படியே இறக்கு. ஸ்கூல்ல இதைத்தான் டெக்னிக்னு சொல்லியும் கொடுக்கறாங்க.

நான் வயித்துப் பிழைப்புக்குப் பார்க்கறது சாஃப்ட்வேர் டெஸ்டிங். எங்க தொழில்ல முதல் பாடமே இதுதான். எதைப் போட்டாலும் பாஸ் ஆகற டெஸ்ட், டெஸ்ட்டே இல்ல. புரிஞ்சவனும் தொண்ணூறு, புரியாதவனும் தொண்ணூறுன்னா அந்தப் பரீட்சை எதையும் அளக்கல. அதைவிடக் கொடுமை, கோளாறு இருக்கறதை மூடி மறைக்குது. முப்பது மார்க் வாங்கியிருந்தா அக்கா கவலைப்பட்டிருப்பா, ஏதாவது செஞ்சிருப்பா. தொண்ணூறு வாங்கினதால வீட்டுல எல்லாரும் நிம்மதியாத் தூங்கறாங்க.

ஏதோ ஒரு வீட்டுக் கதைன்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு கணக்கு.

பிரதம் அமைப்பு நடத்தற அசர் ஆய்வு பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2023ல 14 முதல் 18 வயசுப் பசங்களைக் கிராமப்புறங்கள்ல பார்த்தாங்க. 26 மாநிலங்கள், 28 மாவட்டங்கள், 34,745 பேர். கர்நாடகாவுல எடுத்த மாவட்டம் மைசூர், தமிழ்நாட்டுல பெரம்பலூர். அவங்க டெஸ்ட் ரொம்ப எளிமை. சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியம், படிக்கச் சொல்லுவாங்க. படிச்சவங்ககிட்ட "அர்த்தம் என்ன?"ன்னு கேப்பாங்க. நாடு முழுக்கச் சேர்த்து, வாக்கியத்தைப் படிச்சவங்க 57.3 சதவீதம். அவங்கள்ல அர்த்தம் சொன்னவங்க 73.5 சதவீதம். பெருக்கிப் பாருங்க, நூத்துக்கு சுமார் 42 பேர். குட்டி வாக்கியத்துக்கே இந்த நிலைமை. தாய்மொழியில இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கூடச் சரளமாப் படிக்க முடியாதவங்க நாலுல ஒருத்தர்.

அடுத்தது பிசா. 15 வயசு மாணவர்களுக்காக ஓஈசிடி நடத்தற சர்வதேசத் தேர்வு. 2009 சுற்றோட நீட்சியில இந்தியாவுலேர்ந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துக்கிட்டாங்க. வாசிப்புல ஷாங்காய் 556 புள்ளி, முதலிடம். தமிழ்நாடு 337. கடைசி வரிசையில நமக்குத் துணைக்கு இமாசலமும் கிர்கிஸ்தானும்தான். அடிப்படை வாசிப்புத் திறன் இருந்தவங்க தமிழ்நாட்டுல 17 சதவீதம். கவனிங்க, இது இங்கிலீஷ் பரீட்சை இல்ல, வாசிப்புப் பரீட்சை. பத்தியில நேரடியா இல்லாததை யோசிச்சுச் சொல்லணும். அதுலதான் மாட்டினோம்.

அதுக்கு நம்ம அரசாங்கம் என்ன செஞ்சது? கேள்விகள் நம்ம சூழலுக்குப் பொருந்தலன்னு சொல்லிட்டு, அடுத்து வந்த 2012, 2015, 2018 சுற்றுகளுக்குப் போகவே இல்ல. 2022லயும் இல்ல. காய்ச்சல் அதிகமாக் காட்டுதுன்னு தெர்மாமீட்டரை உடைச்ச கதை.

ஷாங்காய் பணக்கார நகரம், அதை வச்சு சீனா முழுசையும் எடை போடக்கூடாதுங்கறது நியாயம்தான். ஆனா ஒரு விஷயம். என் கூட வேலை பார்க்கற சீன நண்பர்கிட்ட அவங்க கல்லூரி நுழைவுத் தேர்வான கவ்காவ் பத்திக் கேட்டேன். இங்கிலீஷுக்கு 150 மார்க், அதுல வாசிப்புக்கு மட்டும் மூணுல ஒரு பங்கு. பத்தியோட மையக் கருத்து என்ன, எழுதினவரோட நோக்கம் என்ன, தெரியாத இந்தச் சொல்லுக்கு இந்த இடத்துல என்ன பொருள் இருக்கும்னு கேள்வி வருமாம். வரியை இறக்கி வச்சுத் தப்பிக்க முடியாது. "எங்க இங்கிலீஷை நாங்களே ஊமை இங்கிலீஷ்னு கிண்டல் பண்ணுவோம், பேச வராது"ன்னார். பேச வராட்டியும் படிச்சாப் புரியுதே ஐயா! நம்ம ஆளுங்க ஊமையும் இல்ல, புரியறதும் இல்ல.

கர்நாடகாவுல எந்த மீடியத்துல படிக்கறதுன்னு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமில்ல. ஆரம்பப் பள்ளியில தாய்மொழி அல்லது கன்னடம்தான்னு 1994ல அரசாணை. அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நடுவுல இருபது வருஷம். 2019ல அரசே 1,000 பள்ளிகள்ல இங்கிலீஷ் மீடியம் வகுப்பு திறந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். பையனுக்கு எந்த மொழியிலயாவது படிச்சது புரியுதாங்கறதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வி அவ்வளவு சத்தமா எங்கேயும் கேக்கல. இத்தனைக்கும் மைசூர்ல மண்டலக் கல்வி நிறுவனம் 1963லேர்ந்து இருக்கு. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969லேர்ந்து இருக்கு. விஷயம் தெரிஞ்சவங்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊர்.

"நீயும் அப்படிப் படிச்சவன்தானே, ஆஸ்திரேலியா போகலையா?"ன்னு அத்தான் கேட்டார். உண்மைதான், நானும் கைடு பார்த்து வந்தவன்தான். ஆனா முதல் வேலையில ஒரு கிளையண்ட் மெயில்ல வந்த 'அன்லெஸ்'ஸைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு, செய்யக் கூடாததைச் செஞ்சு, ரெண்டு நாள் வேலை வீணாகி, எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நின்னது எனக்குத்தான் தெரியும். எனக்கு வீணானது ரெண்டு நாள். மருந்துச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் புரியாமப் படிச்சுக் கையெழுத்து போடறவனுக்கு என்னென்ன போகும்?

வாத்தியார்களைத் திட்டிப் பிரயோஜனமில்ல. பரீட்சை எதைக் கேக்குதோ அதைத்தான் அவங்க நடத்துவாங்க. போர்ஷன் முடிக்கணும், ரிசல்ட் காட்டணும். அதனால பரீட்சையை மாத்துங்க. வழி ரொம்பச் சுலபம். இங்க விக்டோரியாவுல பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் ஒரு பாடமா இருக்கு. அதுல தமிழ்ப் பத்தியைக் கொடுத்து, ஒரு பகுதிக்கு இங்கிலீஷ்ல பதில் எழுதச் சொல்லுவாங்க. வரியைப் பார்த்து எழுத வழியே இல்ல, புரிஞ்சாதான் பதில். அதையே திருப்பிப் போடுங்க. இங்கிலீஷ் பத்தி, கேள்வியும் பதிலும் கன்னடத்துல, இல்ல தமிழ்ல. "இங்கிலீஷ் பரீட்சையில கன்னடமா?"ன்னு கொதிக்கறவங்களுக்கு ஒரே பதில். இங்கிலீஷ்ல எழுதறதைச் சோதிக்கத் தனியா கட்டுரை இருக்கு, கடிதம் இருக்கு. இது புரிஞ்சுதான்னு பார்க்கற இடம். முதல் வருஷம் மார்க் மடமடன்னு விழும். விழட்டும். அப்பதான் உண்மை நிலவரம் தெரியும்.

இதோட முடிச்சிருந்தா நான் நிம்மதியா ஊர் திரும்பியிருப்பேன். அக்கா விடல. "என் பையனை டெஸ்ட் பண்ணினியே, இப்ப உன் பொண்ணு படிக்கட்டும்"னு பீரோ மேல இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினா. என் பொண்ணு ஆறு வருஷமா வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளிக்குப் போறா. சான்றிதழ் ஹால்ல மாட்டியிருக்கு. அழகாப் படிச்சா, ழகரம் கூடச் சரியா வந்துச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்துச்சு.

"கல்யாணம் எந்த ஊர்ல கண்ணு? நாம முந்தின நாளே போகணுமா?"

முழிச்சா. என்னைப் பார்த்தா. "அப்பா, ஐ கேன் ஒன்லி ரீட் இட்"ன்னா.

அக்கா ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்ல.

நாமளும் இதைத்தானே செய்யறோம்? ஊர்லேர்ந்து வந்தவங்க முன்னாடி பிள்ளையை நிறுத்தி, திருக்குறள் சொல்லச் சொல்லி, கைதட்டி முடிச்சுடறோம். என்ன புரிஞ்சுதுன்னு கேக்கறதில்ல. பதில் என்னவா இருக்கும்னு தெரியும், அதனால கேக்கப் பயம். இந்தியா பிசாவை விட்டு ஓடினதுக்கும் நாம கேக்காம இருக்கறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அதனால இப்ப எங்க வீட்டுல ஒரே ஒரு விதி. பொண்ணு தமிழ்ல எதைப் படிச்சாலும், அதுல நேரடியா பதில் இல்லாத ஒரு கேள்வி கேப்பேன். இங்கிலீஷ்லயே பதில் சொல்லட்டும், பரவாயில்ல. மருமகனுக்கு வாரம் ஒரு நாள் போன்ல இங்கிலீஷ் செய்தி, தமிழ்ல கேள்வி. முதல் மாசம் ரெண்டு பேரும் என்னைப் பார்த்தாலே ஓடினாங்க. இப்ப மருமகன் "மாமா, இதுல அப்படிச் சொல்லல, நீங்கதான் தப்பாப் படிச்சிருக்கீங்க"ன்னு எதிர்க் கேள்வி போடறான். நாலு தடவைல ஒரு தடவை அவன் சொல்றதுதான் சரி.

பத்தாவது பரீட்சை வருது. இங்கிலீஷ்ல மறுபடி தொண்ணூறு வாங்குவான், எனக்குச் சந்தேகமே இல்ல. இந்த விதி இல்லாட்டியும் வாங்கியிருப்பான். அதுதான் பிரச்சினையே.

டிஸ்கி: மூணுக்கு மூணு வாங்கினவங்க, பிளாவைன்னா என்னன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க :-)