விளக்கு எதைக் காட்டுகிறது?



பள்ளி விடுமுறைக்கு முன் எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை அலோர் ஸ்டார் நகருக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தோம். பகலில் அங்குள்ள பெரிய கட்டடங்களைப் பார்ப்பது, விளக்கு போட்ட பிறகு அவற்றையே மறுபடி பார்ப்பது, பிறகு வீடு திரும்புவது என்று திட்டம். பஸ் கட்டணம் ஆளுக்கு 20 வெள்ளி.

ஒரு மாணவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். "என்னாங்க சார், லைட்டு பாக்கறதுக்கா இருவது வெள்ளி? அதெல்லாம் டவுன்காரவங்க சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை, 20 வெள்ளியின் அருமை தெரிந்து கேட்டார். அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதிலை இன்று எழுதுகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, தீபாவளித் துணி எடுக்க அப்பா என்னை அதே ஊருக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது இருட்டிவிட்டது. சாஹிர் பள்ளிவாசலில் விளக்குகள் எரிந்தன. நான் வாயைப் பிளந்து நின்றேன். சாலைக்கு இந்தப் பக்கமே நின்ற அப்பா, "பாத்தாச்சில்ல, வா, பஸ்சு போயிரும்" என்றார். லயத்துக்கு வந்து சேர்ந்தோம். பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றது. மிச்சப் பாடத்தை மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன்.

தோட்டக் குடியிருப்புக்குத் தண்ணீரும் மின்சாரமும் முதலாளி தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. சட்டம் வந்தும் எங்கள் லயத்துக்கு மின்கம்பி வரச் சில வருடங்கள் பிடித்தன. ஆகவே, "அந்த வெளிச்சம் நமக்கு எதுக்கு?" என்ற கேள்வியின் வலி எனக்கும் தெரியும்.

ஆனால் அன்று நான் பார்த்தது விளக்கை மட்டுமே. விளக்கு எதைக் காட்டியது என்று பார்க்கத் தெரியவில்லை. சொல்லித்தர ஆளும் இல்லை.

அந்தப் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கியது 1912-இல், திறந்தது 1915-இல். கறுத்த கவிகைகளில் பெரியவை ஐந்தும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிப்பன என்பார்கள். சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் எட்டுப் பட்டைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதுதான் பாலாய் நோபாட். அரச விழாக்களில் வாசிக்கும் முரசும், நம் நாயனம் போன்ற செருனாயும் அதற்குள் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் 1997-இல் கட்டி முடித்த தொலைத்தொடர்புக் கோபுரம். உயரம் 165 மீட்டருக்கும் மேல். நூறு வருடத்து வேலை ஒரே பார்வையில் அகப்படுகிற இடம் அது.

கட்டடத்துக்கு விளக்கு போடுவதில் முக்கியமாக இரண்டு விதம் உண்டு. ஒன்று, ஓரங்களில் பல்பு கட்டுவது. நம் கோயில் திருவிழாவில் செய்வதும் இதுதான். கோலாலம்பூரில் 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தை இப்படிப் பார்த்திருப்பீர்கள். இந்த முறைக்குப் பேர்போனது மைசூர் அரண்மனை. பழைய அரண்மனை 1897-இல் தீக்கிரையான பிறகு, ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த புதிய அரண்மனை 1912-இல் முடிந்தது. ஞாயிறு மாலைகளிலும் தசராவிலும் அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் எரிகின்றன. பல்பு கட்டினால் கட்டடத்தின் உருவக்கோடு தெரியும்.

இரண்டாவது விதம், தரையிலிருந்து மேல்நோக்கி ஒளி பாய்ச்சுவது. பகலில் வெயில் மேலிருந்து விழும். நிழல் வளைவுக்குக் கீழே கிடக்கும். இரவில் வெளிச்சம் கீழிருந்து ஏறும். நிழல் மேலே போய்விடும். அதனால்தான் ஒரே கட்டடம் இரவில் வேறு முகம் காட்டுகிறது. வளைவு சரியாக இல்லாவிட்டால் விளக்கு அதையும் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் சுவருக்கு எத்தனை வண்ண விளக்கு போட்டாலும் அது வண்ணச் சுவர்தான்.

செலவாகாதா என்பீர்கள். பழைய கம்பி பல்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். இப்போதைய எல்.இ.டி. விளக்குக்கு அதில் சிறு பங்கு போதும். வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் வீண் வீண்தான். அதை நினைவூட்டவே 2007-இல் சிட்னியில் தொடங்கிய 'பூமி நேரம்' ஆண்டுதோறும் நடக்கிறது. 452 மீட்டர் உயரமுள்ள நம் இரட்டைக் கோபுரமும் அதற்காக ஒரு மணி நேரம் விளக்கை அணைத்திருக்கிறது.

அந்தத் தாயார் சம்பளத்தன்று 20 வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தார். பையனும் வந்தான். இரவில் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டே நின்றவன், "சார், பகல்ல நெழலு கீழ இருந்திச்சி. இப்ப மேல ஏறிருச்சி!" என்றான். நான் சொல்லித்தரவில்லை. அவனே கண்டுபிடித்தது. அம்மா, உங்கள் 20 வெள்ளிக்குக் கிடைத்தது அதுதான்.

டவுன்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்காதீர்கள். சுங்கை பட்டாணி மணிக்கூண்டைக் கடக்காத தோட்டக் குடும்பம் உண்டா? லிம் லியன் தெங் என்ற சீனச் செல்வந்தர் 1936-இல் கட்டித் தந்தது அது. கொடுத்தவர் பெயர் நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் அந்த நகரம் ரப்பரால் வளர்ந்த நகரம். நம் தாத்தா பாட்டிமார் வெட்டிய பாலுக்கும் அதில் பங்கு உண்டு. அடுத்த முறை பிள்ளையை அங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். முதலில் பகலில் பார்க்கட்டும், பிறகு இரவில். வந்ததும் ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள்.

வீட்டிலும் ஒன்று செய்யுங்கள். வாசலில் வண்ண விளக்கு தொங்கவிடுமுன், பிள்ளை படிக்கும் இடத்துக்கு ஒரு நல்ல விளக்கு போடுங்கள். வலக்கையால் எழுதுகிற பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம்.

என் அப்பா விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவார். அந்த விளக்கை யாரும் அழகு பார்த்ததில்லை. வெட்டு தெரிந்தால் போதும் அவருக்கு. விளக்கு எதற்கு என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த அலோர் ஸ்டார் இரவில், கூட ஐந்து நிமிடம் நின்றிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார். பஸ் போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

உங்கள் பிள்ளைகளுடன் அந்த ஐந்து நிமிடம் நில்லுங்கள்.