தட்டில் தெரிவதும் சருமத்தில் நிகழ்வதும்

திருவனந்தபுரத்துத் தம்பானூரில் ரயிலிலிருந்தும் பேருந்திலிருந்தும் இறங்கி, வியர்வையில் நனைந்த ஆடையோடு நாள் முழுவதும் உழைத்துத் திரும்புகிறவர்களிடையே படர்தாமரை எத்துணைப் பிடிவாதமான ரோகமாகிவிட்டது என்பதை இந்நகரின் சரும வைத்தியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரங்களில் அடங்காததும், 2020-ல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனி நாமம் பெற்றதுமான அந்நோய்ப் பூஞ்சையைப் பற்றி ஆய்வுகள் பெருகிவரும் இவ்வேளையில், அதன் வீரியத்தை அளக்கும் ஒரு வழக்கத்தைக் குறித்து ஆட்சேபம் தெரிவிப்பது நம் கடமையாகிறது.

பால் கலந்த ஊடகத்தட்டில் பூஞ்சையை வளர்த்து, அதைச் சுற்றித் தெளியும் வளையத்தின் அகலத்தைக் கொண்டு வீரியத்தைத் தீர்மானிப்பது எளிது. ஆனால் சருமத்திலுள்ள கெரட்டின் என்னும் புரதம், பாலின் புரதத்தைப் போல எளிதில் கரைவதன்று. இருகந்தகப் பிணைப்புகளால் இறுகிய அதனைப் புரதச்சிதைவு நொதிகளால் தனித்துக் கரைக்க இயலாது. பூஞ்சை சிஸ்டீனிலிருந்து சல்ஃபைட்டை உண்டாக்கி வெளியேற்றி, அப்பிணைப்புகளை அவிழ்த்துக் கொடுக்க, அதன் பின்னரே சப்டிலிசின், ஃபங்கலைசின் என்னும் நொதிகள் புரதத்தை நறுக்குகின்றன. அத்துண்டுகளை உறிஞ்சத்தக்க அளவுக்குச் சிறிதாக்குவது அமினோபெப்டிடேஸ் முதலியவற்றின் வேலை. தட்டில் இக்கிரமத்தின் ஓர் அங்கம் மட்டுமே தெரிகிறது.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஆர்த்ரோடெர்மா பென்ஹாமியே என்னும் பூஞ்சை, சோதனைக் குடுவையில் கெரட்டினை உண்டு வளர்கையில் சப்3 போன்ற சப்டிலிசின் நொதிகளை மிகுதியாகச் சுரக்கிறது. அதுவே கினிப் பன்றியின் சருமத்தைப் பற்றியபோது சப்6 என்னும் மற்றொரு சப்டிலிசினின் மரபணுவைப் பிரதானமாகத் தூண்டிற்று. குடுவையில் முன்னின்றது வேறு, உயிருள்ள தேகத்தில் முன்னின்றது வேறு! அந்தச் சப்6-ஐ, டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்னும் பூஞ்சையின் ஒவ்வாமைப் புரதமாக, ‘டிரை ஆர் 2’ என்ற பெயரில் ஒவ்வாமையியலார் முன்னரே அறிவர். நோயுற்ற சருமத்தில் சுரக்கும் நொதியே நம் உடலின் எதிர்ப்பையும் எழுப்புகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆகவேதான் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கொடியது. பூஞ்சையின் ஆகாரத்துக்கு எவ்வித இடையூறும் செய்யாமல், அதை எதிர்த்தெழும் அழற்சியை மட்டும் அடக்கி, அரிப்பு தணிந்த நோயாளியைக் குணமாகிவிட்டதாக நம்பச் செய்கிறது. 2018-ல் மத்திய அரசு இத்தகைய வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை, மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் அட்டவணை எச்-இல் சேர்த்தும், சீட்டில்லாமல் வாங்கிப் பூசியவர்கள் நம்மிடம் வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

எனவே இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள், வளையத்தின் அளவோடு நில்லாமல், நோயாளியிடமிருந்து சுரண்டியெடுத்த செதிலிலேயே எந்த நொதி வெளிப்படுகிறது என்பதையும், அந்நோயாளி அதற்குமுன் எந்தக் களிம்பை எத்தனை நாள் பூசினார் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.