டி.என்.ஏ. என்ன தெய்வவாக்கா?

"டி.என்.ஏ. ஒத்துப்போச்சு. பத்து லட்சத்துல ஒருத்தனுக்குத்தான் இப்படி அமையுமாம். அப்புறம் எதுக்குய்யா விசாரணை? தூக்குல போடுங்க!" அருப்புக்கோட்டை டீக்கடையில ஒரு பெருசு பொங்கினார்.

கணக்கைப் பாருங்க மக்கா. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். பத்து லட்சத்துக்கு ஒருத்தர்னா சுமார் 72 பேருக்கு ஒத்துப்போகும். வேற சாட்சியே இல்லாட்டி, மாட்டினவன் 72-ல ஒருத்தன். அம்புட்டுதான்.

அதுவும் மாதிரி மாறாம, கெடாம வந்திருந்தாத்தான். 2011 சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத்தண்டனை பெற்றவரை 2025-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மாதிரிகள் யார் கையில் எத்தனை நாள் இருந்தன என்பதற்கு ஒழுங்கான விளக்கமே இல்லை. இனி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரணும்னும் சொன்னது.

திருச்சுழி சம்சாரியைக் கேளுங்க. தராசு கிராம் சுத்தமாக் காட்டும். மல்லி மூட்டையே மாறிப்போச்சுன்னா?