11 நாள்ல 8 நாடு: அம்மாவ எங்க கூட்டிட்டுப் போறீங்க?

கொஞ்சம் நீளமான த்ரெட். அப்பா அம்மாவுக்கு யூரோப் டூர் புக் பண்ணப் போறவங்க முழுசா படிச்சிடுங்க. கோவம் வந்தாலும் பரவாயில்ல.

போன வாரம் ஓபியில ஒரு அம்மா. வயசு 66. இதயத்தோட பம்பிங் கொஞ்சம் குறைவு, கூடவே பிபி, சுகர். பல வருஷமா எங்கிட்டதான் பார்க்கறாங்க. மூச்சு வாங்கிட்டே உள்ள வந்தாங்க. ரெண்டு காலும் முழங்கால் வரைக்கும் வீக்கம், விரல் வெச்சு அழுத்தினா குழி விழுது. எடை 6 கிலோ கூடியிருக்கு.

மகன் கூட வந்திருந்தார். "11 நாள்ல 8 நாடு டாக்டர். அம்மா செம்மயா என்ஜாய் பண்ணாங்க, நீங்களே பாருங்க"ன்னு போனை நீட்டினார்.

பார்த்தேன். பாரிஸ்ல ஈஃபில் டவர் முன்னாடி கால் நல்லா இருக்கு. சுவிஸ் போட்டோவுல செருப்பு வார் காலுல பதிஞ்சிருக்கு. வெனிஸ்ல வாரையே கழட்டி விட்டிருக்காங்க. ரோம்ல கொலோசியம் முன்னாடி, ஹோட்டல்ல கொடுக்கற துணிச் செருப்போட நிக்கறாங்க. ஹார்ட் ஃபெயிலியர் ஊருக்கு ஊர் ஏறினது அத்தனையும் அந்த போன்ல இருக்கு. பக்கத்துலயே நின்னு போட்டோ எடுத்தவர் கண்ணுக்கு மட்டும் தெரியல.

நீர் பிரிய கொடுக்கற மாத்திரையை முதல் நாளே நிறுத்திட்டாங்களாம். ஏம்மான்னு கேட்டா, "அடிக்கடி பஸ்ஸ நிறுத்தச் சொல்ல சங்கடமா இருந்துச்சு சார். எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க"ங்கறாங்க.

இது இவங்க ஒருத்தர் கதை இல்ல. டூர் முடிஞ்சு வர்ற பெரியவங்க, முக்கியமா பெண்கள், பாதிப் பேர் சொல்றது இதேதான். மாத்திரையை நிறுத்துவாங்க, இல்லன்னா தண்ணி குடிக்கறத நிறுத்துவாங்க. ஹைவே கழிப்பறைக்கு 1 யூரோ கேட்டா, நூறு ரூபாயான்னு மனசுக்குள்ள கணக்கு போடுற தலைமுறை அது. விளைவு? யூரின் இன்ஃபெக்‌ஷன், மயக்கம், சுகர் தாறுமாறு.

ஐரோப்பிய யூனியன்ல ஒரு சட்டம் இருக்கு. டூர் பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆகணும். நல்ல சட்டம். டிரைவரோட தூக்கத்துக்கு சட்டம் இருக்கு, நாலாவது சீட்ல அடக்கிட்டு உட்கார்ந்திருக்கற உங்க அம்மாவுக்கு யார் இருக்கா? நீங்கதானே இருக்கணும்?

விமானம் மட்டும் இல்ல. பஸ், ரயில், கார் எதுவானாலும் 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெட்டிப்பாகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007லயே சொல்லிடுச்சு. தனி ஆளுக்குப் பார்த்தா சின்ன ரிஸ்க்தான், பயமுறுத்தல. ஆனா குறுகிய நாள்ல திரும்பத் திரும்ப இப்படிப் போனா அது கூடும். 11 நாள்ல 8 நாடுங்கறது வேற என்னவாம்?

அடுத்தது யுங்ஃப்ராயோ. இந்த பேக்கேஜ் பலதுலயும் இது இருக்கும். ரயில்ல உட்கார்ந்தே 3,454 மீட்டர் ஏறிடலாம். நம்ம தொட்டபெட்டாவே 2,637தான். அங்க கிடைக்கற ஆக்சிஜன் கடல்மட்டத்துல கிடைக்கறதுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு. காலையில அடிவாரம், மத்தியானம் உச்சி. ஸ்டென்ட் வெச்ச அப்பாவ கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அவரோட டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? "எல்லாரும் போறாங்க டாக்டர்"ங்கறது பதில் இல்ல.

இப்போ புதுசா கிரீஸ் தீவு வேற. 2024 ஜூன்ல வெயில் தாங்காம ஏதென்ஸ் அக்ரோபோலிஸையே மத்தியானம் மூடினாங்க. அதே மாசம் சிமி தீவுல பிரிட்டிஷ் டிவி மருத்துவர் மைக்கேல் மோஸ்லி, மத்தியான வெயில்ல தனியா நடந்து போனவர், இறந்து கிடந்தார். வயசு 67. ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம்னு சொன்னாங்க, உறுதியா நிரூபிக்க முடியல. ஆரோக்கியம் பத்தி ஊருக்கே பாடம் எடுத்தவர். பிபி மாத்திரை போடுற உங்க அப்பாவ ஜூன் மத்தியானம் சாண்டோரினி பழைய துறைமுகத்துல கிட்டத்தட்ட 600 படி ஏற விடாதீங்க. கேபிள் கார் இருக்கு.

இன்சூரன்ஸ்? ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ கவர் வேணும். அதுக்காக பேருக்கு ஒண்ண எடுத்து, பிரீமியம் குறையணும்னு சுகரையும் பிபியையும் மறைச்சுடறாங்க. க்ளெய்ம் வரும்போது தெரியும்.

எங்க மேலயும் தப்பு இருக்கு, ஒத்துக்கறேன். இந்த அம்மாவுக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கையெழுத்துப் போட்டது நான்தான். எத்தனை நாடு, பஸ்ஸா ரயிலான்னு கேட்கவே இல்ல. இப்போ எல்லார்கிட்டயும் டூர் ப்ளான வாங்கிப் பார்க்கறேன்.

"அப்போ வயசானவங்க எங்கயும் போகக் கூடாதா?"ன்னு கமென்ட்ல வருவீங்க. போகணும். காலமெல்லாம் உழைச்சவங்க, கட்டாயம் போகணும். 10 நாளைக்கு 2 ஊர் போதும். ரோம்ல மட்டும் 5 நாள் இருங்க. தெருவுக்குத் தெரு சுமார் 2,500 குடிநீர்க் குழாய், இலவசம், ஜில்லுன்னு வரும். பாரிஸ் தெருக் கழிப்பறையும் இலவசம்தான். இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு ஊர்ல ரெண்டு நாளாவது தங்கணும். லூசெர்ன்ல ஏரிக்கரையில மெதுவா நடந்து, படகுல உட்கார்ந்தே மலையைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரங்க 8 நாடு போயிருந்தா போகட்டும்.

அந்த அம்மா 4 நாள் அட்மிஷன்ல இருந்தாங்க. 5 கிலோ நீர் இறங்குச்சு. எந்த ஊர் பிடிச்சிருந்துச்சும்மான்னு கேட்டேன். பஸ் ரிப்பேராகி ஏதோ ஒரு சின்ன ஊர்ல ரெண்டு மணி நேரம் நின்னுச்சாம். சர்ச் வாசல்ல மரத்தடி பெஞ்ச், பக்கத்துலயே பாத்ரூம். அந்த ஊர் பேரு அவங்களுக்கும் தெரியல, மகனுக்கும் தெரியல.

டிஎம்ல மருந்துச் சீட்டு போட்டோ அனுப்பி "போலாமா சார்"னு கேட்காதீங்க. கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி உங்க டாக்டரை நேர்ல பாருங்க, கையில டூர் ப்ளானோட. இன்சுலினை செக்-இன் பெட்டியில போடாதீங்க, கைப்பையில வைங்க. ஐரோப்பாவுல அவசரத்துக்கு 112.