தொழுவமும் தொன்மைச் சின்னமும்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தாற்றின் கரையில் அரிக்கமேடு என்னும் பழம்பதி உள்ளது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். உரோம நாட்டு மட்கலங்களும், மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகளும், பன்னிற மணிகளும் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் கடற்கரை மேலைநாட்டோடு வாணிகம் செய்தமைக்கு அம்மேடு கண்கூடான சான்றாகும்.

குருசுக்குப்பத்தில் வாழும் யான், ஆசிரியப் பணியில் இருந்த நாளில், மாணவரை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றதுண்டு. ஒருமுறை நாங்கள் சென்றபோது, மர நிழலில் சில ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உடன் வந்தோருள் ஒருவர் அவற்றை விரட்டினார். அதனைக் கண்ட மாணவன் ஒருவன், "ஐயா, புல் மேய்வது ஒரு குற்றமா?" என்று வினவினான். அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதனை ஈண்டுச் சற்றே விரிவாக ஆராய்வோம்.

மாணவர்களே! மேய்தல் வேறு, அடைத்து வைத்துத் தீனியிட்டு வளர்த்தல் வேறு. மேயும் ஆடு காலையில் வந்து மாலையில் சென்றுவிடும். அதன் எரு பரந்த நிலத்தில் சிதறி மண்ணோடு கலந்துவிடும். பெரும் பண்ணையிலோ, பல நூறு மாடுகளோ பல்லாயிரம் கோழிகளோ ஓரிடத்தில் அடைபட்டிருக்கின்றன. தீனி வெளியூரிலிருந்து வண்டிகளில் வருகிறது. கழிவு அவ்விடத்திலேயே தங்குகிறது. ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிலோ சாணம் இடும். முட்டைக்கோழி ஒன்றின் எச்சம் 100 கிராம் அளவினதே. ஆயினும் 50,000 கோழிகள் உள்ள பண்ணையில் அது நாள்தோறும் 5 டன் ஆகிவிடும்! நம் முன்னோர் எருக்குழியைக் கிணற்றுக்கு எட்டக் கொல்லையில் வைத்தனர். இரண்டு மாடுகளுக்கு அம்முறை போதும். இருநூறு மாடுகளுக்கு எத்தனை பெரிய கொல்லை வேண்டும்?

எருக்குவியலிலிருந்து அம்மோனியா என்னும் ஆவி எழுகின்றது. அது காற்றில் சென்று, ஈரம் பட்ட கல்லிலும் செங்கல்லிலும் படிகின்றது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டு உப்பாக மாற்றுகின்றன. அவ்வுப்பு கல்லின் நுண்துளைகளில் புகுந்து, உலருந்தோறும் பளிங்குபோல் இறுகிப் பருக்கின்றது. அதனால் கல்லின் மேற்புறம் செதில் செதிலாக உதிர்கின்றது. உளிகொண்டு செதுக்கிய சிற்பியின் உழைப்பை, ஓசையின்றி உப்பு அரித்துவிடுகின்றது. நிலத்தடி நீரிலும் அதே நைட்ரேட்டு கலந்து கிணறுகளைக் கெடுக்கும். நாற்றமும் ஈக்களும் வருவோரை விரட்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லையா எனில், ஓரளவு உண்டு. தொன்மைச் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பலாகாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே எழுப்ப வேண்டும். ஆனால் இவ்வளவு கட்டடத்தைக் கருதி வகுக்கப்பட்டது. சுவர் நின்ற இடத்தில் நிற்கும், நாற்றம் நிற்குமா? மைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டில் பால்பண்ணைகளுக்கு வெளியிட்ட நெறிகள், குடியிருப்புக்கு 200 மீட்டரும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் 500 மீட்டரும் விலகியிருக்கச் சொல்கின்றன. கோழிப்பண்ணைக்கான நெறிகள் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் என்கின்றன. இவை மக்களின் உடல்நலம் கருதி எழுந்தவை, நல்லவையே. பழஞ்சின்னத்திற்கும் பூங்காவிற்கும் இவ்வாறே தெளிவான விலகுதொலைவு வேண்டும் என்பது என் கருத்து.

அத்தொலைவு எல்லாப் பண்ணைக்கும் ஒன்றாக இருத்தல் முறையன்று. விலங்கின் தொகை பெருகப் பெருகத் தொலைவும் பெருக வேண்டும். காற்று வீசும் திசையையும், நீர் ஓடும் சரிவையும் நோக்க வேண்டும். நம் கடற்கரையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று எழும். தென்மேற்குப் பருவத்தில் நிலக்காற்று வீசும். மேட்டுக்கு எப்புறத்தில் பண்ணை உள்ளது என்பதை நோக்காமல், வரைபடத்தில் ஒரு வட்டம் மட்டும் இட்டுவிட்டால் யாது பயன்?

விதியை முன்னரே வகுக்காவிடில் வரும் கேட்டுக்கு அமெரிக்க நாட்டில் ஒரு சான்று உண்டு. ஆர்க்கன்சா மாநிலத்தில் ஓடும் பஃபலோ ஆறு 1972 முதல் தேசிய ஆறாகப் போற்றப்படுவது. அதில் கலக்கும் ஓடையின் அருகே, ஏறத்தாழ 6,500 பன்றிகளை வளர்க்க 2012இல் அரசே இசைவு அளித்தது. ஆறு கெடும் என்று மக்கள் எதிர்த்தனர். வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இறுதியில் 2019இல், 62 இலட்சம் டாலர் கொடுத்து அப்பண்ணையை மூடுவிக்க மாநில அரசு முன்வந்தது. பண்ணை வைத்தோர் இசைவு பெற்றே வைத்தனர். அவர்களை நோவது எங்ஙனம்? முதலிலேயே தொலைவை வரையறுத்திருந்தால் பொருளும் மிஞ்சியிருக்கும், பகையும் விளைந்திராது.

இனி, மறுபுறத்தையும் நோக்குவோம். இராசத்தானத்துப் பரத்பூரில் கேவலாதேவு என்னும் பறவைப் பூங்கா உள்ளது. 1982இல் அங்கே கால்நடை மேய்ச்சல் முற்றும் தடுக்கப்பட்டது. காலங்காலமாக எருமை மேய்த்த ஊரார் கொதித்தெழுந்தனர். காவலர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. பின்னர் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது. மேய்வார் இல்லாமையால் நீர்ப்புல் ஓங்கி வளர்ந்து ஏரிகளை அடைத்தது. பறவைகளுக்கு நீர்ப்பரப்புச் சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆண்டுகள் பல ஆராய்ந்து, எருமைகளின் மேய்ச்சல் அப்பூங்காவிற்குத் துணையாகவே இருந்தது என்று கண்டனர். எருமை செய்த வேலையை, பின்னர் ஆளைக்கொண்டு செய்ய நேர்ந்தது.

ஆதலின், விலகுதொலைவு பெரும் பண்ணைக்கே உரியதாகுக. இரண்டு மாடு வைத்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஏழைத் தாயின்மீது அவ்விதி பாய்தல் கூடாது. முன்னரே உள்ள பண்ணையை அகற்ற நேரின், மாற்று நிலமும் போதிய காலமும் தருதல் அரசின் கடன். சிலர், "முட்டையும் பாலும் வேண்டாவா?" என்பர். வேண்டும், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நண்பகல் உணவோடு முட்டை உண்ணும் பிள்ளைகள் இலட்சக்கணக்கினர். நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகள் அதற்குப் பெருந்துணை. அந்நாமக்கல்லின் குன்றிலேயே எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில்களும் உள்ளன. பண்ணையை அரைக் கல் தொலைவு தள்ளி அமைத்தால் கோழி முட்டையிட மறுத்துவிடப் போவதில்லை!

அன்று அரிக்கமேட்டில் வினவிய மாணவன் இன்று வந்து கேட்பானாயின், அவனுக்கு இவ்வாறு விடை கூறுவேன்: "தம்பி, அந்த ஆடு குற்றம் செய்யவில்லை. சின்னத்தின் எல்லைக்குள் விலங்கை ஓட்டிவரலாகாது என்று விதி உள்ளது. ஆதலின் அதனை வேலிக்கு வெளியே ஓட்டிவிட்டால் போதும், அடிக்க வேண்டா. ஆனால் அவ்வேலியை ஒட்டி நாளை எவரேனும் ஐந்நூறு மாடுகளுக்குக் கொட்டில் போட வந்தால், அன்று ஊரார் அனைவரும் சென்று கேட்க வேண்டும்."