தந்தையின் பெயரில் அறக்கட்டளை. தங்கையின் பங்கு எங்கே?

சேரன்மகாதேவி, பத்தமடை, மேலப்பாளையம் எனத் தாமிரபரணிக் கரையெங்கும் மறைந்த பெற்றோரின் பெயரால் அறக்கட்டளைகள் எழுகின்றன. ஏழை மாணவருக்குக் கல்வி உதவி, நோயாளிக்கு மருந்து, பள்ளிவாசலுக்குக் குடிநீர் என்று அவற்றின் பணி விரிகிறது. இதனைக் குறை கூற நாம் வரவில்லை. மனிதன் மரணித்தபின் நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் நற்பிள்ளை ஆகிய மூன்றின் நன்மையே அவனைத் தொடரும் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதியை, இறந்தபின்னும் கொடுத்தவர் என்றே தமிழுலகம் இன்றும் நினைவுகூர்கிறது.

நாம் கேட்பது ஒன்றே: அறக்கட்டளைக்கு இட்ட முதல் யாருடைய பொருள்?

தந்தை மவ்த்தான சில நாட்களில் ஆண்மக்கள் கூடுகிறார்கள். பிரிக்கப்படாத சொத்திலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, அவர் பெயரில் அறக்கட்டளை அறிவிக்கிறார்கள். சகோதரிகளிடமோ, "உங்களுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே" என்று சொல்லி, பத்திரப்பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுகிறார்கள். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடுமோ என்று அஞ்சி இட்ட கையொப்பம் மனமுவந்த சம்மதம் ஆகுமா? அவளே பின்னொரு நாள் பத்தமடையில் கோரைப்பாய் நெய்து, தன் பிள்ளையின் படிப்புக்காக அதே அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுத நேர்ந்தால், அவளுக்குக் கிடைப்பது தர்மமா, அவளுடைய சொந்தப் பொருளில் ஒரு துளியா?

பங்கீட்டின் வரிசையை அந்நிஸா அத்தியாயம் ஐயத்துக்கு இடமின்றி வகுத்துவிட்டது. கடனும் வஸிய்யத்தும் நிறைவேறியபின் எஞ்சியது வாரிசுகளுக்கு உரியது. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்கும் அதில் பங்குண்டு. தாய்க்குத் தரப்படாத மஹரும் கடனே. தர்மத்துக்கு வஸிய்யத் செய்யும் உரிமையும் மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது. ஒரே மகளை வாரிசாகக் கொண்டிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) தம் செல்வத்தின் பெரும்பகுதியை தர்மம் செய்ய விரும்பியபோது, நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தினார்கள். அதுவே அதிகம் என்றும் உணர்த்தினார்கள். உயிரோடிருந்த உரிமையாளருக்கே இந்த எல்லை என்றால், அவர் மறைந்தபின் பிள்ளைகள் எந்த அதிகாரத்தால் பிறர் பங்கை வாரி வழங்குகிறார்கள்?

தாயின் பெயரால் தர்மம் செய்த ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களைச் சிலர் சான்று காட்டுவர். புகாரியில் பதிவான அந்நிகழ்வைக் கூர்ந்து பாருங்கள். தமக்குச் சொந்தமான தோட்டத்தையே அவர் கொடுத்தார். உடன்பிறந்தோரின் பங்கில் கை வைக்கவில்லை.

"நஞ்சை நிலத்தில் பெண்ணுக்குப் பங்கு தருவது ஊர் வழக்கமில்லை" என்பது மற்றொரு வாதம். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மையே. ஆயினும் 1949-இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. மார்க்கமும் சட்டமும் ஒதுக்கிய வழக்கத்தை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழவேண்டும்?

செய்யவேண்டியது எளிது. முதலில் கடனையும் மஹரையும் தீருங்கள். வஸிய்யத் இருந்தால் அதன் வரம்புக்குள் நிறைவேற்றுங்கள். பின் பங்கைப் பிரித்து அவரவர் கையில் ஒப்படையுங்கள். வயது வராத வாரிசின் பங்கைத் தொடாதீர்கள். அதன்பின் விரும்பியவர் விரும்பியதைத் தரட்டும். சகோதரியும் தந்தால் நிர்வாகத்தில் அவளுக்கும் இடமளியுங்கள். கைபர் நிலத்தை உமர் (ரலி) வக்ஃப் செய்தபோது, முதல் விற்கப்படாமல் நிலைத்தது. விளைச்சல் மட்டும் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் சென்றது. அம்முறையைப் பின்பற்றி, ஆண்டுதோறும் ஜமாஅத்தின் முன் கணக்கையும் வையுங்கள்.

நம் வயல்களுக்கு நீர் தரும் கன்னடியன் கால்வாயை வெட்டுவித்தவரின் இயற்பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் மறந்தபின்னும் பயன் ஓடுகிறது. பெயரை மட்டும் பளிங்கில் பொறித்து, உரியவளின் பங்கை அடைத்துவைத்தால், தந்தைக்கு நாம் அனுப்புவது நன்மையா, வழக்கா?

பிறர் உரிமை கலவாத தர்மத்தை நம் பெற்றோருக்காகச் செய்யும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.