மூக்கு வழியே ஒரு ஆபரேஷன்

செருப்பு சைஸ் 8-லிருந்து 10-க்குப் போகிறது. கல்யாண மோதிரம் சோப்பு போட்டாலும் கழலவில்லை. "ஆளு நல்லா தேறிட்டான்" என்கிறது வரதராஜன்பேட்டை கடைத்தெரு. தேறியது ஆள் இல்லை ஸார், பிட்யூட்டரியாக இருக்கலாம்!

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. ஆபீஸ் ஹெட் கிளார்க் மாதிரி. இருப்பதே தெரியாது, எல்லா ஃபைலும் அவர் மூலம்தான் நகரும். அதில் கட்டி வந்தால் (பெரும்பாலும் புற்றுநோய் அல்ல) சில சமயம் வளர்ச்சி ஹார்மோன் தாறுமாறாகக் கொட்டும். கை, கால், தாடை பெருக்கும். 7 அடி மல்யுத்த வீரர் கிரேட் காளி ஞாபகம் இருக்கிறாரா? 2012-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அவருக்கு எடுத்தது இந்தக் கட்டியைத்தான்.

மண்டையைப் பிளந்தா? பெரும்பாலும் வேண்டாம். மூக்கு வழியாக! 1907-ல் ஆஸ்திரியாவில் ஷ்லோஃபர் என்ற டாக்டர் காட்டிய குறுக்கு வழி. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைப் பிரிவு தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யிலும் இன்று இந்த வழி உண்டு. புரோலாக்டின் சுரக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும்.

வம்பு என்னவென்றால், எல்லாம் வருஷக்கணக்கில் மெதுவாக வரும். தினம் பார்க்கிற வீட்டுக்காரிக்கே தெரியாது. கட்டி பெரிதாகி பார்வை நரம்பை அழுத்தினால் இரண்டு பக்க ஓரப் பார்வையும் போகும். பைக்கில் போகும்போது பக்கத்தில் வரும் பஸ் தெரியாது!

கல்யாண ஆல்பத்தையும் கண்ணாடியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மூக்கும் தாடையும் மாறியிருந்தால் ஜோசியரிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும்.

தொப்பை மட்டும்தான் மாறியிருக்கிறதா? பிட்யூட்டரியைத் திட்டாதீர்கள். அது பரோட்டா கேஸ்!